புகைக்கு ஊர் கேட்ட கதை

2022 டிசெம்பர் 8ஆம் திகதி காலமை யாழ்ப்பாணத்தில் கண் முழிச்ச எல்லாருக்கும் அந்த வானம் ஞாபகம் இருக்கும். பனிப்புகார் எண்டுதான் முதலில் நினைச்சம். கார்த்திகை முடியிற நேரம், பனி வாறதில என்ன புதினம்? ஆனால் பத்து மணியாகியும் அது கலையவில்லை. குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்தது, தூரத்துப் பனைகள் தெரியவில்லை, தொண்டை கரகரத்தது. மத்தியானத்துக்குள் கைத்தொலைபேசிகளில் வளித் தரச் சுட்டெண் படங்கள் பரவத் தொடங்கின. வடக்கு முழுக்கச் சிவப்பு. கொழும்பும் தப்பவில்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. ஆனால் அது வேறு கதை.

அண்டைக்கு எல்லார் வாயிலும் இருந்தது ஒரே வசனம்: "இது இந்தியாவிலயிருந்து வந்த புகை." தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அதையே சொன்னது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்றது. எங்கட அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். ஆகவே அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். மார்கழி நெருங்கும்போது வட இந்தியச் சமவெளியில் என்ன நிறைந்து கிடக்கும் என்று டெல்லிச் செய்தி பார்க்கிற எவருக்கும் தெரியும். அதைப் புயல் இழுத்து எங்கட தலைக்கு மேல் விட்டது.

அந்த வசனம் பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சரிதான். ஆனால் புகைக்குக் கடவுச்சீட்டு இல்லையே, அதுக்கு ஊர் எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கினம்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. வாசித்துக்கொண்டு போகப் போக, ஊரைக் கண்டுபிடித்த பிறகும் கேட்கவேண்டிய கேள்விகள் கன இருக்கு எண்டும் விளங்கிச்சுது.

முதலில் ஒரு கணக்கு. பி.எம். 2.5 என்று சொல்லப்படுவது 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான துணிக்கைகள். ஒரு தலைமயிரின் தடிப்பு அதைப்போல இருபது மடங்குக்கு மேல். பெரிய தூசு கிளம்பின இடத்துக்குக் கிட்டவே விழுந்துவிடும். மிகமிகச் சின்னத் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். இடைப்பட்டவை, அதாவது ஒரு மைக்ரோமீற்றருக்குச் சற்றுக் கீழே உள்ளவை, மழை வந்து கழுவும்வரை ஒரு கிழமை அளவுக்கு வளியில் மிதக்கும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் காற்று ஒரே திசையில் வீசினால் ஒரு நாளில் 432 கிலோமீற்றர். டெல்லியிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர். ஐந்து நாள் போதும். ரயிலும் கப்பலும் பிடித்து வாற ஆளை விடப் பெரிதாகப் பிந்தாது.

காற்றுக்கு ஊர் சொல்லத் தமிழுக்குப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. வாடை வடக்கிலிருந்து வரும், கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. பெயரே முகவரி. கடலுக்குப் போறவைக்கு அது தெரியாவிட்டால் சீவியம் இல்லை. ஆனால் காற்றின் ஊர் தெரிந்தால் மட்டும் அது சுமந்து வரும் தூசின் ஊர் தெரிந்துவிடுமா? இந்தச் சிக்கலில் முதலில் மாட்டினவர்களில் ஒருவர் சார்ல்ஸ் டார்வின்.

1832 சனவரியில் பீகிள் கப்பல் ஆபிரிக்காவுக்கு மேற்கே கேப் வேர்டே தீவுகளை நெருங்கியபோது, பாய்மர உச்சியில் இருந்த காற்றுத்திசை காட்டியின் மெல்லிய துணியில் கபில நிறத் தூசு படிந்திருந்தது. டார்வின் அதை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்தார். பிறகு வேறு கப்பல்களில் விழுந்த தூசையும் சேர்த்து ஐந்து பொட்டலங்களை பேர்லினில் இருந்த எரன்பேர்க்குக்கு அனுப்பினார். நுணுக்குக்காட்டியில் பார்ப்பதில் அந்தக் காலத்தில் எரன்பேர்க்கை மிஞ்ச ஆளில்லை. அவர் அந்தத் தூசுக்குள் 67 வகையான நுண்ணுயிர், தாவர எச்ச வடிவங்களை எண்ணினார். சிக்கல் என்னவென்றால், ஆபிரிக்காவுக்கே உரியவை என்று அவருக்குத் தெரிந்த இனங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அதற்குப் பதிலாக, தென் அமெரிக்காவில் மட்டும் வாழ்வதாக அவர் அறிந்திருந்த இரண்டு இனங்கள் இருந்தன.

காற்று ஆபிரிக்கா என்றது, தூசின் உடம்பு தென் அமெரிக்கா என்றது. டார்வின் காற்றின் பக்கம் நின்றார். தூசு விழும் நேரமெல்லாம் காற்று எந்தத் திசை, ஆபிரிக்காவில் ஹர்மட்டான் காற்று தூசு கிளப்பும் மாதங்கள் எவை என்று இரண்டையும் ஒப்பிட்டு, எல்லாம் ஆபிரிக்காவிலிருந்துதான் வருகிறது என்று 1846இல் எழுதினார். அவர் சொன்னது சரி. அந்தப் பொட்டலங்கள் இன்னும் பேர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் அதே தூசை இரசாயன முறையில் சோதித்து மேற்கு ஆபிரிக்கா என்று உறுதிப்படுத்தினார்கள். எரன்பேர்க் எண்ணினதில் பிழையில்லை. எந்த உயிர் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அப்போது இருந்த பட்டியல்தான் அரைகுறை. ஒப்பிட்டுப் பார்க்கிற பட்டியல் எவ்வளவோ, பதிலும் அவ்வளவுதான். இது பின்னாலும் வரும்.

அடுத்த சம்பவம் எங்கட தலைக்கு மேலேயே நடந்தது. 1883 செப்டெம்பர் 9ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. உண்மையாகவே பச்சை. ஆகஸ்ட் 26, 27இல் சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்திருந்தது. சுமாத்திராவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலை, இலங்கைக்குக் கிட்டத்தட்ட அயல்வீடு. ஆகவே தூசு நேராக வந்துவிட்டது எண்டுதானே நாங்களும் நினைப்பம்?

திகதிகளைப் பார்த்தால் கதை மாறும். செப்டெம்பர் தொடக்கத்தில் கரிபியன் கடலில் உள்ள ட்ரினிடாட்டில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. 5ஆம் திகதி ஹவாய்த் தீவின் ஹொனலுலுவில் சிரினோ பிஷப் என்ற பாதிரியார் அந்திவானத்தின் விசித்திரச் சிவப்பைக் குறித்து வைத்தார். அதற்குப் பிறகுதான் எங்கட பச்சைச் சூரியன். புகை மேற்கு நோக்கி இந்து சமுத்திரம், ஆபிரிக்கா, அத்திலாந்திக், பசுபிக் என்று பூமியை ஏறத்தாழ 13 நாளில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தால் எங்களிடம் வந்திருக்கிறது. அயல்வீட்டுப் புகை, உலகம் சுத்தி வந்து படலையைத் தட்டினது. இந்தத் திகதிகளையெல்லாம் கப்பல் நாட்குறிப்புகள், பத்திரிகைகள், தேவாலயக் கடிதங்களில் இருந்து பொறுக்கி லண்டன் றோயல் சங்கம் 1888இல் ஒரு தடித்த அறிக்கையாகப் போட்டது. பூமத்திய ரேகைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே விடாமல் ஓடும் காற்று ஒன்று இருக்கிறது என்பதே இந்தப் புகையால்தான் தெரிய வந்தது. டார்வினுக்குக் காற்றை வைத்துத் தூசின் ஊர் தெரிந்தது. இங்கே தூசை வைத்துக் காற்றின் பாதை தெரிந்தது.

இவை இரண்டும் இயற்கைத் தூசு. யாருக்கும் கோபம் வரத் தேவையில்லை. மனிதர் போட்ட புகை என்று வந்தவுடன் ஊர் கேட்பது வழக்காடுவதாக மாறிவிடும்.

1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடின புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956இல் தூய வளிச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புகளில் நிலக்கரிப் புகை குறைந்தது. மின்நிலையங்களோ இன்னொரு வழியைப் பிடித்தன: புகைபோக்கியை உயர்த்துவது. உயரத்தில் விட்டால் ஊருக்குள் இறங்காது. எங்கே இறங்கும் என்று யார் கேட்டார்கள்? நோர்வேயிலும் சுவீடனிலும் ஏரிகளில் மீன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. 1967இல் சுவாந்தே ஓடேன் என்ற சுவீடன் மண்ணியலாளர் ஒரு நாளிதழில் எழுதினார்: எங்கட மழையில் இருக்கும் அமிலம் பிரித்தானியாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரிக்கும் எரிபொருளின் கந்தகத்திலிருந்து வருகிறது. பிரித்தானிய மின்துறை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பல வருட அளவீடுகளுக்குப் பிறகு 1979இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் வளி மாசு பற்றிய உடன்படிக்கை கைச்சாத்தானது. பனிப்போரின் இரண்டு பக்கமும் அதில் ஒப்பமிட்டன.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு கருவி உருவாகிக்கொண்டிருந்தது. காற்றை ஒரு வடிகட்டித்தாளால் இழுத்து, தாளில் படிந்ததில் எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. கடல் உப்பென்றால் சோடியம் இருக்கும். மண் என்றால் அலுமினியமும் சிலிக்கனும். கனமான எரியெண்ணெய் என்றால் வனேடியம். அந்தக் காலப் பெற்றோல் என்றால் ஈயம். விறகுப் புகையில் பொட்டாசியம் கூட. ஒவ்வொரு மூலத்தின் சமையல் குறிப்பும் தெரிந்தால், தாளில் இருக்கும் கலவையைப் பிரித்து இதில் இவ்வளவு வாகனம், இவ்வளவு மண் என்று கணக்குப் போடலாம். 1973இல் ஷெல்டன் ஃபிரைட்லாண்டர் கலிபோர்னியாவின் வளிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். கறியை ருசித்து என்ன தூள் போட்டது, எந்தக் கடைத் தூள் எண்டு சொல்லுற அம்மாமாரின் வேலைதான் இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்ட நாடுகளில் வாகனப் புகையின் மிகத் தெளிவான கைரேகையும் போய்விட்டது. இலங்கையில் அது 2002இல் நடந்தது. நல்ல காரியம், துப்பறிபவருக்கு மட்டும் நட்டம்.

கைரேகைக்கும் ஏமாற்றும் குணம் இருக்கிறது. வட துருவப் பகுதியில் பறந்த அமெரிக்க விமானிகள் 1950களிலேயே ஒரு மங்கலைக் கண்டார்கள். மக்கள் இல்லாத, ஆலைகள் இல்லாத பனிவெளிக்கு மேல் புகைமூட்டம். 1970களில் அலாஸ்காவின் பரோ முனைக்கு மேல் மாதிரி எடுத்த கிளென் ஷாவும் கென்னத் ரானும் முதலில் கண்டது கோபி பாலைவனத்துத் தூசு. சரி, இயற்கைதான் என்று முடித்திருக்கலாம். ஆனால் மாரிகாலத்து வடிகட்டிகளில் வனேடியம் கூடுதலாக இருந்தது. பாலைவனம் எண்ணெய் எரிப்பதில்லை. பிறகு ரான் மங்கனீசுக்கும் வனேடியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் எரியெண்ணெய் கூட என்பதால் அந்த விகிதம் குறைவு. ஐரோப்பாவிலும் சோவியத் நிலத்திலும் கூட. துருவப் புகையின் விகிதம் பின்னதோடு ஒத்துப்போனது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள உருக்காலைப் புகை, மாரிகாலத்தில் மழை இல்லாததால் கழுவப்படாமல் துருவத்தைக் கடந்திருக்கிறது.

பிறகு 1986 ஏப்ரல் 28. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு வேலையாளின் சப்பாத்தில் கதிர்த்தொழிற்பாடு பிடிபட்டது. தங்கட நிலையத்தில்தான் கசிவு என்று முதலில் பதறினார்கள். சமதானிகளின் வகையும் அந்த நாட்களின் காற்றும் சேர்ந்து தென்கிழக்கைக் காட்டின. அன்று இரவு மொஸ்கோ செர்னோபில் பெயரைச் சொன்னது. ஒரு அரசு மறைத்ததைக் காற்று இரண்டு நாளில் சொல்லிப்போட்டுது.

இனி எங்கட கடலுக்கு வருவம். 1999 சனவரி முதல் மார்ச் வரை, மாலைதீவைத் தளமாக வைத்து இந்து சமுத்திரப் பரிசோதனை நடந்தது. தலைமை தாங்கியவர்கள் தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்திரன் இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும். கப்பல், விமானம், செயற்கைக்கோள், காஷிதூ தீவில் ஒரு நிலையம். வாடைக்காற்றுக் காலத்தில் வட இந்து சமுத்திரத்துக்கு மேல் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரம்வரை கபில நிறப் புகைப்படலம் கிடப்பதை அளந்து காட்டினார்கள். நடுக்கடலில் வளி சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை அதோடு போனது. படலத்தில் கரித்துணிக்கை நிறைய. அது சூரிய ஒளியை உறிஞ்சி வளியைச் சூடாக்கும், கீழே கடலுக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும்.

2002இல் ஐக்கிய நாடுகள் சூழல் திட்டம் இதை 'ஆசிய கபில முகில்' என்ற பெயரில் அறிக்கையாக வெளியிட்டது. பெயரைக் கேட்டவுடன் இந்தியாவில் கோபம் கிளம்பியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஜே. சிறீனிவாசனும் சுலோசனா காட்கிலும் இதில் எது உண்மை, எது கற்பனை என்று கேட்டு எழுதினார்கள். இருநூறு வருடம் நிலக்கரி எரித்த மேற்குக்கு ஒரு முகிலும் பெயரில் இல்லை, அடுப்பில் சாணி வறட்டி வைக்கிற ஆசியாவுக்கு மட்டும் ஒரு முகிலா? பிறகு திட்டத்தின் பெயர் 'வளிமண்டல கபில முகில்கள்' என்று மாற்றப்பட்டது. பெயர் மாற்றத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்கமாட்டம். புகைக்கு ஊர்ப்பேர் வைப்பது யாருடைய கையில் இருக்கிறது என்பது சின்ன விசயமில்லை.

இதைவிடச் சூடான கேள்வி: அந்தக் கரி எதை எரித்ததால் வந்தது? எரிபொருள் கணக்கெடுப்பை வைத்துக் கணித்தவர்கள் 50 முதல் 90 சதவீதம் விறகு, சாணி, வைக்கோல் என்றார்கள். வடிகட்டியில் மூலகங்களைப் பார்த்தவர்கள் இல்லை, நிலக்கரியும் டீசலும் என்றார்கள். எரன்பேர்க்குக்கும் டார்வினுக்கும் நடந்த அதே பிணக்கு. தீர்த்து வைத்தது காபன் 14. உயிரோடு இருக்கும் மரத்தில் அது இருக்கும், 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமே இராது. ஆகவே புகைக் கரியில் காபன் 14 இருந்தால் விறகு, இல்லாவிட்டால் நிலக்கரி அல்லது எண்ணெய். ஓர்யான் குஸ்தாஃப்சன் குழு மாலைதீவின் ஹனிமாதூவிலும் புனேக்குக் கிட்ட சிங்ககட் மலையிலும் வாடைக்காலத்தில் எடுத்த வடிகட்டிகளை இப்படி அளந்து 2009இல் வெளியிட்டது. காபன் துணிக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப்பொருளை எரித்ததால் வந்தது. கரும் கரியை மட்டும் எடுத்தால், அளக்கும் முறையைப் பொறுத்து பாதி முதல் மூன்றில் இரண்டு.

இந்த முடிவு எங்களைக் கொஞ்சம் உலுப்பினது. டெல்லிப் புகை என்றால் எங்கட மனதில் வருவது காரும் ஆலையும். ஆனால் 2022 மார்கழியில் எங்கட தொண்டைக்குள் போனதில் பெரும் பங்கு, பீகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ காஸ் வாங்க வழியில்லாத ஒரு பெண் ஊதுகுழலால் ஊதின அடுப்பாக இருக்கலாம், அறுவடை முடிந்து கொளுத்தின வயலாக இருக்கலாம். அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் போனது எங்களுக்கு வந்ததைவிடப் பல மடங்கு.

எங்கட பக்கத்தையும் பார்க்கவேணும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையின் முக்கால்வாசிக்கு மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தன. அதே 2022இல் நாங்கள் காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றம், மண்ணெண்ணெய்க்கும் நின்றம், கடைசியில் கொழும்புத் தொடர்மாடிகளிலும் விறகு அடுப்பு மூட்டினார்கள். பொச்சுமட்டையும் கங்குமட்டையும் விலைபோன வருடம் அது. அந்தப் புகை பற்றி எந்தப் பாடசாலையும் மூடவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு அயலில் இருப்பவர்கள் நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றி வருடக்கணக்காக முறையிடுகிறார்கள். அங்கே காற்று சோளகத்தில் கடலிலிருந்து தரைக்கு அடிக்கிறது. அந்தத் தூசின் ஊர் கண்டுபிடிக்க காபன் 14 தேவையில்லை, திண்ணையில் விரலால் ஒரு கோடு இழுத்தால் போதும்.

தெற்காசியாவுக்கும் ஒரு ஜெனீவா இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1998இல் மாலைதீவுத் தலைநகரில் இலங்கையும் இந்தியாவும் உட்பட்ட அயல்நாடுகள் எல்லை தாண்டும் வளி மாசு பற்றி மாலே பிரகடனத்தில் ஒப்பமிட்டன. சட்டக் கட்டுப்பாடு இல்லாத பிரகடனம். நோர்வே பிரித்தானியாவைப் பார்த்துக் கேட்டதைப்போல கொழும்பு டெல்லியைப் பார்த்துக் கேட்கும் நிலை அதில் இல்லை. கேட்பதற்கு முதலில் எங்களிடம் வடிகட்டித்தாள்கள் இருக்கவேணும், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் திருகோணமலையிலும். சோளகக் காலத்தில் என்ன இருக்கிறது, வாடைக் காலத்தில் என்ன கூடுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதில் இவ்வளவு உங்கட, இவ்வளவு எங்கட என்று சொல்லலாம். சுவீடனுக்கு வாய் வந்தது அப்படித்தான். சிவப்பு நிறச் சுட்டெண் எவ்வளவு மோசம் என்று மட்டும் சொல்லும். எதை எரித்தது, எங்கே எரித்தது என்று அதற்குத் தெரியாது.

மாண்டஸ் டிசெம்பர் 9 இரவு மாமல்லபுரத்துக்குக் கிட்ட கரையைக் கடந்தது. பிறகு காற்று மாறினது, வானம் வெளிச்சது. பள்ளிக்கூடம் தொடங்கின கிழமை பின்னேரம் எங்கட ஒழுங்கை மூலையில் வழமைபோல இலைகுழையும் பொலித்தீனும் குவித்து யாரோ கொளுத்திவிட்டிருந்தார்கள். வாடை அடிச்சுக்கொண்டிருந்தது. புகை தெற்குப் பக்கம், மற்ற ஒழுங்கைக்குள் போனது. நாங்கள் சைக்கிளை நிப்பாட்டவில்லை.